கறுப்புப் பட்டை இல்லாத டிவி

பிப்ரவரி 9

பட்டாசுக்கு,

சின்ன வயசிலருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழகின வாய். கோபத்திலயும் மாற மாட்டேங்குது.

போன்ல பேசலாம்னா என் நம்பரை அடைச்சு வச்சிருக்கே. அடை, நல்லா அடை. தபால்காரரை உன்னால அடைக்க முடியாதே! கடை பில் புத்தகத்தோட பின்பக்கத்தில எழுதறேன். கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தை விட்டப்புறம் இவ்வளவு நீளமா எதையும் நான் எழுதினதில்லை.

ஞாயித்துக்கிழமை என்ன நடந்ததுன்னு நீ முழுசாக் கேக்கவே இல்லை. "அப்ப நான் பொய் சொல்றேங்கறியா?"ன்னு ஒரே கத்து, வச்சிட்டே. இப்பக் கேளு.

நம்ம ஊர் தியேட்டருக்கே வராத உன் படம் டிவியில வருதுன்னு தெரிஞ்சதும் எனக்குத் தலைகால் புரியலை. டிவிக்கடை வச்சிருக்கறவன் தங்கச்சி டிவியில வர்றான்னா சும்மாவா? மத்தியானமே வியாபாரத்தை நிறுத்திட்டு, கடையில இருக்கறதிலயே பெரிய டிவியை நடுச்சுவர்ல மாட்டினேன். நாற்காலி வாடகைக்கு எடுத்தேன். மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டு டீச்சர், உன் அண்ணி வழிச் சொந்தம் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். என் மாமனார் முதல் வரிசையில, காலை நீட்டிக்கிட்டு. நீ நடிக்கப் போறேன்னு பையைத் தூக்கினப்ப, "தங்கச்சியைத் தண்ணி தெளிச்சு விட்டுட்டீங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டாரே, அதே மனுஷன். அவர் முன்னாடி எழுந்து நின்னு, "என் தங்கச்சி ஆறு நிமிஷம் வர்றா, கண்ணைச் சிமிட்டாமப் பாருங்க"ன்னு வேற சொல்லித் தொலைச்சேன்.

ரெண்டரை மணி நேரம். யாரும் கண்ணைச் சிமிட்டலை. நீயும் வரலை. கடைசியில பேர் ஓடறப்பவாவது பாக்கலாம்னா, அது எறும்பு ஊர்ற மாதிரி பொடிப்பொடியா ஓடிச்சு, ஒண்ணும் படிக்க முடியலை. மருந்துக்கடைக்காரர் என் தோளைத் தட்டி, "அடுத்த படத்தில வருவாங்க, விடுங்க"ன்னார். அதுக்கு அவர் ரெண்டு அறை விட்டிருக்கலாம். மானம் கப்பலேறிடுச்சு.

அதுகூடப் போகட்டும். நடுவில, கதாநாயகனும் கதாநாயகியும் வீட்டுக்குள்ள சண்டை போடற இடத்தில, அம்மா திடீர்னு எழுந்து, "இதோ! இதோ என் பொண்ணு!"ன்னாங்க. எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். திரையில அவங்க ரெண்டு பேர்தான். மாமனார், "எங்க சம்பந்தி?"ன்னு கேட்டார். அம்மா கையை நீட்டிக் காட்டினாங்க, டிவிக்கு வெளியில, வெறும் சுவரை. யாரோ ஒருத்தர் சிரிச்சாங்க. அப்புறம் எல்லாருமே சிரிச்சிட்டாங்க. அம்மா மெதுவா உக்காந்தாங்க. அன்னிலருந்து ஆள் சரியில்லை. "அவ இருந்தா, இருந்தா"ன்னு ஒரே பிடிவாதம்.

போன்ல நான், "படத்திலயே இல்லாதவ வீட்டுலயும் இருக்க வேண்டாம்"னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான், திரும்ப வாங்கிக்கறதா இல்லை. ஆனா ஒரே ஒரு உண்மையைச் சொல்லிடு. நீ நடிச்சியா, இல்லையா? நடிச்சு, அவங்க வெட்டி எறிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, அதைச் சொல்லு. பொய் மட்டும் வேண்டாம்.

அண்ணன்


பிப்ரவரி 16

அண்ணா,

மேல பட்டாசுன்னு எழுதிட்டுக் கீழ தண்ணியை ஊத்தறே. நடிச்சியா இல்லையான்னு கேக்கறே. எனக்கு வாயில நல்லா வருது. உன்னைப் பெத்தவங்கதான் என்னையும் பெத்தாங்களேன்னு அடக்கிக்கறேன்.

நான் அந்தப் படத்தில கதாநாயகியோட தங்கச்சி. ஒரு பெரிய கூடம். நடுவில அவங்க ரெண்டு பேரும் சண்டை போடறாங்க. இடப்பக்கக் கடைசியில, பீரோவை ஒட்டி நான். துணி மடிச்சுக்கிட்டே அந்தச் சண்டையைக் கேக்கணும். கேமரா அசையவே அசையாது, ஆறு நிமிஷமும் ஒரே ஷாட். டைரக்டர் என்கிட்ட தனியா வந்து சொன்னார்: "என்ன ஆனாலும் நடுவுக்கு வராதே. அந்த வீட்டுல உனக்கு என்ன இடம்ங்கறதை நீ நிக்கற இடமே சொல்லணும்." ஒரு சட்டையை எத்தனை தடவை மடிச்சேன்னு கணக்கே இல்லை. கடைசியில எனக்கு ஒரு வசனம். "அவர் போகட்டும் அக்கா, நீ உக்காரு." அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக மூணு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன்.

தியேட்டர்ல பாத்தேன், இருந்தேன். ஆனா உன் கடிதத்தைப் படிச்சதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. டிவிக்குக் குடுக்கறப்ப என்னை வெட்டிட்டாங்களோ? கம்பெனிக்குப் போன் மேல போன். "விசாரிச்சுச் சொல்றோம்"ங்கறாங்க, சொல்ல மாட்டேங்கறாங்க. என்கூட ரூம்ல இருக்கற மேக்கப்காரி அவ லேப்டாப்ல படத்தைப் போட்டா. டிவியில போட்ட அதே படம்தான். இருக்கேன் அண்ணா, குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். அப்பவும் நம்பிக்கை வராம, "நான் தெரியறேனா, உனக்கு நான் தெரியறேனா?"ன்னு அவளைப் போட்டுப் பிடுங்க, "உனக்கென்ன பைத்தியமா?"ன்னுட்டா.

அந்த இடத்தை நிறுத்தி, பிரிண்ட் போட்டு இதோட வச்சிருக்கேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

அம்மாவுக்குப் போன் பண்ணினா மணி அடிக்குது, எடுக்க ஆளில்லை. ஏன்? அம்மா கையை நீட்டினது எந்தப் பக்கம்? மத்ததெல்லாம் விடு, இந்த ரெண்டுக்காவது ஒழுங்கா பதில் எழுது. அம்மா ஒண்ணும் இல்லாததைச் சொல்ற ஆளில்லை.

நேர்ல வந்தே கேட்டிருப்பேன். இங்க ஒரு வேஷம் வர்ற மாதிரி இருக்கு. தினமும் வரச் சொல்லி வராந்தாவில உக்கார வைக்கறாங்க. ஒரு நாள் இல்லைன்னா அடுத்த ஆள் ரெடி. அதுவும் போக, வீட்டுல இருக்க வேண்டாம்னு சொன்னது நீ.

தங்கச்சி


பிப்ரவரி 24

பட்டாசுக்கு,

போட்டோ வந்துச்சு. பிரிச்சதும் ஒரு நிமிஷம் எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. சத்தியமாச் சொல்றேன், கடைக்குள்ளயே குதிச்சேன். நேரா மாமனார்கிட்ட ஓடினேன்.

அவர் கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாத்தார். "மாப்பிள்ளை, இந்தக் காலத்தில யாரை வேணா எதில வேணா ஒட்டலாம். இங்க பாருங்க, மேலயும் கீழயும் கறுப்பா ஒரு பட்டை ஓடுது. நாம பாத்ததில இது இருந்துச்சா?"ன்னார். இல்லை. எனக்கே தெரியும், இல்லை. "அப்ப இது நாம பாத்த படமே இல்லை. ஒட்டின இடம் தெரியக்கூடாதுன்னு மையைப் பூசி மறைச்சிருக்காங்க"ன்னுட்டார். நான் என்னத்தைச் சொல்ல? கறுப்புப் பட்டைங்கற பேச்சுக்கே நம்ம கடையில இடமில்லை. விளிம்புலருந்து விளிம்பு வரைக்கும் படம், துளி இடம் வீணாகாது. இந்த ஏரியாவில எந்த வீட்டுல வேணா போய்ப் பாரு. டிவி விக்கறவன்கிட்டயே படம் காட்டப் பாக்கறியே!

அம்மா கையை நீட்டினது இடப்பக்கம். டிவியைத் தாண்டி ஃபேன் சுவிட்ச் இருக்கே, அந்தப் பக்கம். போதுமா?

இப்ப அம்மா விஷயம். அவங்களுக்கு வலக்கண்ணில புரை விழுந்திருக்கறது உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு வர மாட்டேன்னு அடம். வெளிச்சம் கூசுதுன்னு, சினிமான்னா கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காருவாங்க. கண்ணை மூடியிருந்தவங்களுக்கு நீ எப்படித் தெரிஞ்சே? கேட்டா, "பாக்கலைடா, கேட்டேன்"ங்கறாங்க. உன் குரலாம். படத்தில ஆயிரம் குரல் வருது. பொண்ணு மேல இருக்கற ஏக்கத்தில இல்லாததெல்லாம் காதில விழுது, பாவம். சொந்தக்காரங்க ஒருத்தர் விடாமப் போன் போட்டு, "என் பொண்ணு இருந்தா, என் பையன்தான் நம்ப மாட்டேங்கறான்"னு சொல்லியிருக்காங்க. அதனால உன் அண்ணி போனை வாங்கி வச்சிருக்கா. போன வாரம் பாலை அடுப்பில வச்சிட்டு மறந்துட்டாங்க, பாத்திரம் கருகிப் போச்சு. அதனால அடுப்புப் பக்கம் விடறதில்லை. அடுக்களைக்குப் பூட்டு போட்டு, சாவியை உன் அண்ணி இடுப்பில செருகி வச்சிருக்கா.

வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம். இந்த ஞாபகக் கோளாறெல்லாம் பாக்கறவர். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை, அம்மாவுக்கு நல்லது நடக்கணும்னுதான் பண்றேன். நீயும் ஒரு வரி எழுதிட்டா நல்லாயிருக்கும். "அம்மா, நான் அந்தப் படத்தில இல்லை"ன்னு. அப்பவாவது அவங்களுக்குத் தெளியும்.

அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

டாக்டர்கிட்ட போகாதே. போன்ல பேசினா கத்திட்டு வச்சிடுவேன், அதான் எழுதறேன். இந்தக் கடிதம் வர்றதுக்குள்ள போயிருந்தா, அவர் சொன்னது எதையும் கேக்காதே. அம்மாவுக்கு ஒண்ணுமில்லை. கோளாறு உன் டிவியில.

உன் மாமனார் துப்புத் துலக்கினாரே கறுப்புப் பட்டை, அதைப் படிச்சதும் எனக்குச் சுருக்னு உறைச்சது. அந்த ஷாட் எடுத்தப்ப கேமராவுக்கு உதவியா இருந்தவர் நம்பரைத் தேடிப் பிடிச்சேன். அவர் சிரிச்சார். "உங்க அண்ணன் வீட்டுல படம் திரை முழுக்க வந்துச்சா? அப்ப நீங்க செத்தீங்க"ன்னார். பொறுமையாப் படி.

சினிமாவை எடுக்கறது ரொம்ப அகலமா. டிவி அவ்வளவு அகலம் கிடையாது. பழைய டிவி சதுரமா, பெட்டி மாதிரி இருந்துச்சில்ல? புது டிவி பண்ணினவங்க அந்தச் சதுரத்துக்கும் சினிமாவோட அகலத்துக்கும் நடுவில ஒரு வடிவத்தைப் பிடிச்சாங்க. ரெண்டும் கெட்டான். அதனால அகலமான டிவின்னு நீ கூவிக் கூவி வித்தாலும், சினிமாவுக்கு அது இன்னும் குட்டைதான். அந்த அகலத்தை முழுசா உள்ள அடக்கணும்னா படத்தைச் சின்னதாக்கணும். சின்னதாக்கினா மேலயும் கீழயும் இடம் மிஞ்சும். மிஞ்சின இடம்தான் கறுப்புப் பட்டை. அது மையும் இல்லை, ஒட்டும் இல்லை. அங்க படமே கிடையாது, வெறும் இடம்.

அந்தப் பட்டை வேண்டாம்னா என்ன பண்றது? படத்தை ஊதிப் பெருசாக்கணும். மேலயும் கீழயும் நிறையறப்ப ரெண்டு பக்கமும் டிவிக்கு வெளியில போயிடும். நாலில ஒரு பங்கு படம் போச்சு. புரியலையா? நம்ம வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவை நினைச்சுக்கோ. நீளமான போட்டோ, ஃப்ரேம் சின்னது. ஒண்ணு, போட்டோவைச் சின்னதாக்கி மேலயும் கீழயும் இடம் விட்டு மாட்டணும். இல்லைன்னா ஓரத்தில நிக்கற சித்தப்பாவையும் அத்தையையும் கத்தரிக்கணும். நீ கத்தரிச்சிருக்கே. அத்தை இடத்தில நான்.

அம்மா கையை நீட்டினாங்களே டிவிக்கு வெளியில, இடப்பக்கம்? நான் நிக்கறது அங்கதான். என் குரல் இடப்பக்கத்திலருந்து வர்ற மாதிரிதான் பண்ணியிருக்காங்களாம், அவர் சொன்னார். அத்தனை பேர் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. கண்ணை மூடிக்கிட்டிருந்த அம்மா மட்டும் சரியா காட்டினாங்க. சிரிச்சீங்க.

இந்தக் கேமராக்காரரைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், அம்மா கேட்டேன்னா கேட்டிருப்பாங்க. அது ஏன் பக்கத்திலயே இருக்கற உனக்குத் தெரியலை?

ரிமோட்டை எடு. படத்தோட அளவை மாத்தற பட்டன் எதுன்னு உனக்கு நான் சொல்லித் தர வேண்டாம். படம் எடுத்தபடியே வர்ற மாதிரி வச்சு, அந்தச் சண்டையைப் பாரு. அப்புறம் எனக்கு எழுது. அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட போனைக் குடு.

தங்கச்சி


மார்ச் 11

பட்டாசுக்கு,

உன் கடிதம் வர்றதுக்குள்ள டாக்டரைப் பாத்தாச்சு. நல்ல மனுஷன்தான். அம்மாவை நாள், கிழமை, கூட்டல் கழித்தல் எல்லாம் கேட்டார். எல்லாத்துக்கும் டக்டக்னு பதில் சொன்னாங்க, உன் அண்ணிக்கே அவ்வளவு சரியா வராது. அப்புறம் என்னைக் கேட்டார். நான், "இல்லாத ஆளை இருக்காங்கன்னு காட்டறாங்க, அடுப்பை மறக்கறாங்க"ன்னேன். என்ன காட்டினாங்க, எங்க காட்டினாங்கன்னு அவர் கேக்கறப்ப, சினிமான்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு. வீட்டுல சுவரைக் காட்டறாங்கன்னு மட்டும் சொன்னேன். ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தார். ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னார். அம்மா இப்பப் பகல்லயும் தூங்கறாங்க. நடுவில எழுந்து என்ன மணின்னு கேட்டுட்டுத் திரும்பப் படுத்துக்கறாங்க. பிடிவாதம் இல்லை, பேச்சே இல்லை. உன் அண்ணி நிம்மதியாயிட்டா. எனக்கு மட்டும் என்னமோ பண்ணுது.

கறுப்புப் பட்டை விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. தெரியும். ஆனா உனக்கு வியாபாரம் தெரியாது. கடை ஆரம்பிச்ச புதுசில டிவி வாங்கிட்டுப் போனவங்க மறுநாளே சண்டைக்கு வருவாங்க. "மேலயும் கீழயும் டிவி செத்துப் போச்சு, மாத்திக் குடு." "அகலமான டிவின்னுதானே தலையில கட்டினே, இப்பவும் கறுப்பா வருதே!" எத்தனை பேருக்குப் பாடம் நடத்தறது? ஒருத்தர் டிவியைத் தோள்ல தூக்கிக்கிட்டே வந்துட்டார். இழுத்து நிரப்பினா ஆளெல்லாம் கொக்கு மாதிரி நெட்டையாயிடறாங்க, அதுக்கும் சண்டை. அப்பத்தான் மாமனார் சொன்னார், "ஊதி நிரப்பிக் குடுங்க மாப்பிள்ளை, ஓரத்தில என்ன போச்சுன்னு எவன் பாக்கப் போறான்?" அன்னிலருந்து கடையை விட்டு வெளியில போற ஒவ்வொரு டிவியையும் நானே என் கையால நிரப்பித்தான் அனுப்பறேன். ஒரு புகார் வந்ததில்லை. கைப்பழக்கமா அன்னிக்கும் அதையேதான் பண்ணியிருப்பேன். ஓரத்தில சுவர், செடி, கும்பல், இப்படி ஏதாவதுதான் போகும்னு நினைச்சேன்.

பட்டனை இன்னும் அழுத்தலை. ஏன்னு கேக்காதே. தினமும் கடையைத் திறந்ததும் ரிமோட்டைக் கையில எடுக்கறேன். யாராவது வந்துடறாங்க. யாரும் வரலைன்னா நானே தூசு தட்டக் கிளம்பிடறேன். நீ சொல்றது தப்பா இருந்தா, நீ பொய்க்காரி. சரியா இருந்தா நான் யாரு?

கொஞ்சம் டைம் குடு.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

டைமா? அம்மாவுக்கு மாத்திரையைக் குடுத்துத் தூங்க வச்சிட்டு உனக்கு டைம் வேணுமா? ஒரு பட்டன், அண்ணா. கட்டை விரலை வச்சு ஒரு அழுத்து. எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி நிக்காதே!

என்னை நீ நம்பவே வேண்டாம். நான் பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். வேஷம் கிடைச்சாலும் சரி, போனாலும் சரி. ஆனா அந்த டாக்டர்கிட்ட நடந்ததை முழுசாச் சொல்லு, சினிமான்னு சொல்லு. அம்மா உயிரோட இருக்கறப்பவே அவங்க வாயை அடைச்சிட்டீங்க. சொல்றதைக் கேட்டு எல்லாரும் சிரிச்சா, எந்த மனுஷிக்குத்தான் பேசத் தோணும்?

சனிக்கிழமைக்குள்ள பதில் வரலைன்னா, வராந்தாவும் வேண்டாம் வேஷமும் வேண்டாம்னு கிளம்பி வந்துடுவேன். வந்தா சும்மா வர மாட்டேன்.

தங்கச்சி


மார்ச் 20

பட்டாசுக்கு,

ரயில்ல உக்காந்து எழுதறேன், எழுத்து ஆடுது.

உன் கடிதம் வந்த அன்னிக்கே, மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, அதே பெரிய டிவியில நெட்லருந்து உன் படத்தைப் போட்டேன். சண்டை வந்துச்சு. பட்டனை அழுத்தினேன். மேலயும் கீழயும் கறுப்பு வந்து, படம் உள்ள ஒடுங்கிச்சு. இடப்பக்கம் ஒரு பீரோ வந்துச்சு. அதுக்கு முன்னாடி நீ.

நீ பாட்டுக்குத் துணி மடிச்சுக்கிட்டிருந்தே. அக்காக்காரி குரல் உசந்தா உன் கை நின்னுடுது, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப மடிக்குது. நடுவில அவங்க ரெண்டு பேரும் கத்தறாங்க, எனக்கு அது காதிலயே விழலை. உன் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கடைசியில நிமிர்ந்து, "அவர் போகட்டும் அக்கா, நீ உக்காரு"ன்னே. அம்மா எழுந்து நின்ன இடம் அதுதான். நான் அழுதேன், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. ஷட்டருக்கு அடியில குனிஞ்சு ஒருத்தர் உள்ள வந்து, "இந்த டிவி பாதி கறுப்பா இருக்கே, விலை குறைப்பீங்களா?"ன்னார். "டிவி நல்லாத்தான் இருக்கு, ஓரத்தில நிக்கறது என் தங்கச்சி"ன்னேன். என்ன நினைச்சாரோ, வந்த வழியே போயிட்டார்.

மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். "பரவாயில்லை, துணி நல்லா மடிக்கறா"ன்னார். அவர் வாயிலருந்து இதுவே பெருசு.

வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டரைப் போய்ப் பாத்தேன். சினிமாவிலருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, நாலு அறை வாங்கியிருந்தாலும் அவ்வளவு உறைச்சிருக்காது. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"ன்னு கேட்டார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பாலை மறக்காத ஆள் யாருன்னார்.

அம்மா கட்டில்ல உக்காந்திருந்தாங்க. கால்மாட்டில போய் உக்காந்து, "அம்மா, நீ சொன்னதுதான் சரி. அவ இருக்கா. நான் பாத்தேன்"னேன். சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். திட்டுவாங்கன்னும் நினைச்சேன், அதுக்குத் தயாராத்தான் போனேன். ரெண்டும் இல்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்ப நீ என்னை நம்பறியா, டிவியை நம்பறியா?"ன்னு கேட்டாங்க.

டிவி காட்டினப்புறம்தானே வந்து உக்காந்தேன்?

உன் அண்ணி அழுதுக்கிட்டே அடுக்களைச் சாவியையும் போனையும் கொண்டு வந்து அம்மா மடியில வச்சா. அம்மா, "நீயே வச்சுக்கோம்மா, இது உன் வீடு"ன்னாங்க. கோபமாக்கூடச் சொல்லலை. அதைத்தான் எங்களால தாங்க முடியலை. அப்புறம் என்கிட்ட, "அவ என்ன எழுதியிருந்தா?"ன்னு கேட்டாங்க. மூணாம் தேதி நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கேமராக்காரரைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்னு எழுதியிருந்தியே, அந்த இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். "என் துணியை எடுத்து வை, நான் அங்க போறேன்"னு எழுந்துட்டாங்க. எத்தனை நாளைக்கும்மான்னு கேட்டேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டாங்க. டிவியில உன்னைக் காட்டறேன், வந்து பாருன்னு கெஞ்சினேன். "நான் அன்னிக்கே கேட்டாச்சு"ன்னுட்டாங்க.

ஊர்ல எத்தனை வீட்டு டிவியை ஊதி நிரப்பிக் குடுத்திருக்கேன்! எந்த வீட்டுல எவங்க அம்மா கையை நீட்டினாங்களோ, எவன் சிரிச்சானோ, ஒண்ணும் தெரியலை. படுத்தா அதுதான் ஓடுது.

உன் ரூம் சின்னதுன்னு தெரியும். அம்மாவுக்கு ஒரு கட்டில் இடம் போதும். கண் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாங்க, உன் கூட இருந்தாத்தானாம். அங்கயே பண்ணு, நான் வந்து ஓட வேண்டிய ஓட்டமெல்லாம் ஓடறேன். வர வேண்டாம்னா வரலை.

இந்தக் கடிதத்தை அம்மா கையிலயே குடுத்து மேல அனுப்பறேன். படி ஏத்தி, உன் கதவு வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டு இறங்கிடுவேன். வீட்டுல இருக்க வேண்டாம்னு உன்னைச் சொன்ன வாயை வச்சுக்கிட்டு, உன் வீட்டுக்குள்ள எப்படி வர்றது? நீ இதைப் படிச்சு முடிக்கறப்ப நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில நிப்பேன். எனக்குச் சாயங்காலம்தான் வண்டி. மேல வான்னா வர்றேன். வேண்டாம்னா, அம்மா ஒரு வாய் சாப்பிட்டாங்களான்னு மட்டும் ஜன்னல்லருந்து தலையை ஆட்டு. காலையிலருந்து அவங்க ஒண்ணும் சாப்பிடலை, நான் குடுத்தா வேண்டாம்ங்கறாங்க.

அண்ணன்